நெருப்பு மூட்டக்கூடாத வீட்டில் என் கல்யாணம்

எழுபதுகளின் பிற்பாதி, ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் ஊர் பெருநகர் பக்கத்தில். மாப்பிள்ளை வீடு சாலவாக்கத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். எங்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் முகூர்த்தம்.

இதற்கு முந்தின வருஷம் எனக்கு இன்னொரு இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. கல்யாணம் நின்றுபோனது. அதிலிருந்து ஊரில் எனக்கு ஒரு பட்டம். ராசியில்லாதவள். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் நான் குழாயடிக்குப் போனால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் இந்தக் கல்யாணம் கூடி வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய செருப்பு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

டிராக்டர் டிரெய்லரில் மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பி, அதில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சீர் பாத்திரங்கள், பலகாரத் தட்டுகள், அரிசி மூட்டை எல்லாம் எங்களோடுதான். ஆண்கள் சைக்கிளிலும், பின்னால் வந்த இன்னொரு டிராக்டரிலும். மழை காலையிலிருந்தே விடவில்லை. உத்திரமேரூரைத் தாண்டிச் சாலவாக்கம் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம், வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் அப்பாவிடம் சொன்னார்.

"இதுக்கு மேல வண்டி போவாதுங்க. ஏரி ரொம்பி கலங்கல் வழியா வழியிற தண்ணி ரோட்டு மேல போய்க்கினு கீது. ரோடு எது, பள்ளம் எதுன்னே தெரியல."

அப்பாவும் மாமாவும் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரோடு இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்ததாம். டிரெய்லருக்குள் யாரோ ஒரு பெண் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "இந்தப் பொண்ணு கால எடுத்து வச்சாலே இப்பிடித்தான் ஆவுது."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி ஊருக்கே போய்விடலாம் என்றார் மாமா. அப்பா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "பொண்ண அழைச்சிக்கினு பொறப்பட்டாச்சி. கல்யாணம் ஆவாம திரும்பி அந்த வாசப்படி மிதிக்கக் கூடாது." அப்படியானால் எங்கே போவது? சுற்றிலும் வயல். கண்ணுக்குத் தெரிந்த ஒரே கட்டடம், மேட்டின்மேல் இருந்த ஜரிகை பங்களாதான்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர் வீட்டை நினைத்துக்கொண்டு கட்டியது. மாடி வீடு. கூரையின் ஓரம் முழுக்க மரத்தைத் துளைத்துத் துளைத்துப் பூவும் கொடியுமாகச் செதுக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுப்புடவையின் கரையை எடுத்து வீட்டைச் சுற்றித் தைத்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் போகும்போது நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு மெட்ராஸில் யாரோ அதை வாங்கி, கல்வெட்டுக் கோயில் பார்க்க வருகிறவர்களும் ஏரி வேலைக்கு வருகிற அதிகாரிகளும் தங்குவதற்கான கெஸ்ட் ஹவுஸாக மாற்றியிருந்தார்கள். அந்த வாசலில் நான் ஒருநாள் மணப்பெண்ணாக நனைந்து வந்து சேர்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

கதவைத் திறந்தவர் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, நீலக் கரை, இடுப்பில் சாவிக்கொத்து. அந்த வீட்டை நிர்வகிப்பவர் அவர்தான். எல்லோரும் மேனேஜரம்மா என்றார்கள். எங்கள் கூட்டத்தையும், சேறு வழிகிற கால்களையும், பின்னால் நின்ற டிராக்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூம் ரெண்டுதான் காலி. நீங்க ஒரு ஊரே வந்திருக்கீங்க" என்றார்.

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் தார்ப்பாயை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தலை நிறையப் பூவும், நனைந்த பட்டுப்புடவையுமாக நடுங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பொம்பளைங்க எல்லாரும் உள்ள வாங்க. கால நல்லா கழுவிட்டு வரணும். உள்ள மரத்தரை. ஆம்பளைங்க வராண்டாவில படுத்துக்கலாம். ஆணி அடிக்கக் கூடாது, சுவத்துல சாயக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. முக்கியமா இந்த வீட்டுக்குள்ள நெருப்பு கூடாது. கொசுவத்திகூடக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போனோம்.

எனக்குக் கொடுத்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிலும் மரத்தில் திராட்சைக் கொத்து செதுக்கியிருந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டில் முகம் மட்டும் தெரிகிற கண்ணாடிதான். தலை முதல் கால் வரை என்னை நானே முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. மேனேஜரம்மா உலர்ந்த போர்வைகளைக் கொண்டுவந்து போட்டார். என் பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு போய், பின்கட்டில் தனியாக இருந்த சமையல்கட்டில் அடுப்புச் சூட்டுக்கு எதிரே பிடித்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சமையல்கட்டு மட்டும்தான் செங்கல்லும் ஓடுமாகக் கட்டியது. வீடு முழுக்க மரம். ஒருமுறை ஒரு விருந்தாளி வைத்த விளக்கால் மாடிப்படிக் கைப்பிடியில் தீப்பிடித்துவிட்டதாம். முதலாளி வந்து பார்த்துவிட்டு, இன்னொரு முறை நெருப்பு என்று கேள்விப்பட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த அம்மாளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கணவர் இல்லை. அந்த வேலைதான் வீடும் சோறும்.

காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. தண்ணீர் குறையவில்லை. மாமா ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் மேளக்காரரோடு வந்து நிற்கிறார்களாம். கத்திப் பேசியதில் பாதி காற்றோடு போய்விட்டதாம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகக் கேட்டதாம். மாப்பிள்ளை இந்தக் கரைக்கு வருகிறார்.

"எப்பிடி வருவாரு?" என்று அம்மா கேட்டார்.

"லாரி டியூபுல" என்றார் மாமா.

ஏரிக்கரை ஓரமாகக் குடியிருந்த இருளர் குடும்பத்து ஆட்கள் சிலர், அந்தத் தண்ணீரில் வளைய வந்து பழகியவர்கள், கயிற்றை அக்கரையிலிருந்து இந்தக் கரைப் புளியமரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு டியூபை இழுத்து வருவதாக ஏற்பாடு. எங்கள் ஆண்கள் அத்தனை பேரும் கரைக்கு ஓடினார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். மரச்சட்டத்தில் செதுக்கியிருந்த இலைகளுக்கு நடுவே, தூரத்தில் ஒரு கறுப்பு வளையம் தண்ணீரில் ஆடி ஆடி வருவது தெரிந்தது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு. தலையில் ஏதோ மூட்டை. பாதி வழியில் டியூப் ஒரு சுற்றுச் சுற்றி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் இடுப்பு வரை தண்ணீரில் இருந்தார். ஆனால் தூக்கும் மூட்டையும் மேலேயே இருந்தன. பக்கத்தில் நீந்தி வந்த இருவர் அவரைப் பிடித்து மறுபடி மேலே ஏற்றினார்கள்.

தூக்கில் தாலி. தலையில் இருந்தது எனக்கான கூறைப்புடவை, உர மூட்டைக்குள் போடுகிற பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது. புடவையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவருடைய சொந்தப் பட்டு வேட்டிதான் சேற்றில் ஊறிப் பழுப்பு நிறமாகியிருந்தது.

அடுத்த நடையில் அவருடைய அப்பா வந்தார். அதற்குமேல் யாரும் டியூபில் ஏறச் சம்மதிக்கவில்லை. மாமியார், நாத்தனார், மேளக்காரர்கள் எல்லோரும் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

இதற்குள் அப்பா மேட்டுக்குப் பின்னால் இருந்த ஊருக்குள் போய் ஓர் ஐயரை அழைத்து வந்திருந்தார். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹோமம் எங்கே வளர்க்கலாம் என்று கேட்டார். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

"முடியாது" என்றார் மேனேஜரம்மா. "ராத்திரியே சொன்னேன். நெருப்பு கூடாது."

"வராண்டாவில?" என்றார் அப்பா.

"வராண்டாவுக்கு மேலயும் மரம்தான்."

"வெளிய?"

வெளியே மறுபடியும் வலுத்துவிட்ட மழையை அவர் காட்டினார். சமையல்கட்டில் என்றால், அங்கே இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே இடமில்லை. அக்னி இல்லாமல் கல்யாணம் செய்து வைக்க ஐயரால் முடியாது. மரவீட்டில் அக்னிக்கு இடம் கொடுக்க அந்த அம்மாளால் முடியாது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். என் அப்பா தலைகுனிந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

யாரும் கூப்பிடாமல் மணப்பெண் கீழே இறங்கி வரக் கூடாது. ஆனால் நான் இறங்கி வந்தேன். நேரே அந்த அம்மாளிடம் போனேன். என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை.

"அம்மா, எனக்கு ஏற்கெனவே ஒரு தபா கல்யாணம் நின்னு போச்சு. இதுவும் நின்னுபோச்சுன்னா ஊருல என்ன மனுஷியாவே பாக்க மாட்டாங்க. வேற வழி எதுனா இருந்தா சொல்லுங்க. உங்க வேலை போற மாதிரி எதுவும் வேணாம்."

அவர் இடுப்புச் சாவிக்கொத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, கூடத்தின் நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு பெரிய பூஜாடி, அதற்குப் பின்னால் ஒரு மரப்பலகை. ஜாடியை நகர்த்தச் சொன்னார். பலகையை எடுக்கச் சொன்னார். பின்னால் சுவருக்குள் கறுப்பாக ஒரு மாடம் இருந்தது. கருங்கல் தரை, செங்கல் சுவர். குளிர்காய்வதற்காக வெள்ளைக்காரர் கட்டியது. அவர் போன பிறகு நம் ஊர் வெயிலில் அதை ஒருநாள்கூட மூட்டியிருக்க மாட்டார்கள்.

"இந்த வீட்டுல நெருப்புக்குன்னு கட்டின இடம் இது ஒண்ணுதான்" என்றார். "நான் பக்கத்துலயே இருப்பேன். ஒரு பொறி வெளிய வந்தாலும் அணைச்சிடுவேன். அப்புறம் யாரும் என்னைத் திட்டக் கூடாது."

புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மாடியில் இன்னொரு அறையில் கல்கத்தா பக்கத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். கோயில் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முதல் நாளிலிருந்தே எங்கள் தவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு மாடத்துக்குள் தலையை நுழைத்தார். ஒரு கம்பை வாங்கி மேலே குத்தினார். பழைய குருவிக்கூடு, சுள்ளி, சருகு, அதோடு ஒரு கூடை கரி, எல்லாம் பொலபொலவென்று அவர் தலையிலேயே கொட்டியது. வெளியே வந்தபோது பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. மேலே கையைக் காட்டி, வானம் தெரிகிறது என்று ஜாடை செய்தார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மாப்பிள்ளைக்கு உடுத்த வேட்டி வேண்டும். பேராசிரியர் தன் பெட்டியிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் பக்கத்து வேட்டி, நம் வேட்டியைவிட நீளம். கொசுவம் வைத்துக் கட்ட வேண்டியது. அதை எப்படிக் கட்டுவது என்று எங்கள் ஆண்கள் யாருக்கும் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி எப்படியோ கட்டிவிட்டார்கள்.

ஹோமம் மூட்டினார்கள். மேனேஜரம்மா மாடத்தின் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு, இந்தப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் நெருப்பை விட்டு அகலவில்லை. முதலில் புகை எல்லாம் கூடத்துக்குள்ளேயே திரும்பி வந்தது. ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார். பிறகு அது வழி கண்டுபிடித்து மேலே போனது. மேலே போனதுதான் அடுத்த கூத்து. பங்களாக் கூரையில் புகை வருவதைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று மேட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்க்காரர்கள் குடமும் வாளியுமாக ஓடி வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் உள்ளே கல்யாணம். கையோடு கொண்டுவந்த தண்ணீரை வாசலிலேயே வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அட்சதையை வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் வராத குறை தீர்ந்தது.

தாலி கட்டும் நேரம் வந்தது. கெட்டிமேளம் கொட்ட மேளக்காரர் இல்லை. ஐயர் என்ன செய்வது என்று சுற்றிலும் பார்த்தார். அப்போது கல்கத்தா அம்மாள், யாரும் கேட்காமலே, வாய்க்கு நேரே கையை வைத்து நாக்கைச் சுழற்றிக் குரல் எழுப்பினார். அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் அப்படிச் செய்வார்களாம். எங்கள் பெண்கள் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். அம்மன் கோயிலில் நாங்கள் போடுகிற குலவையேதான் அது. அடுத்த நொடி என் அம்மா குலவை போட்டார். அப்புறம் அத்தைகள், அப்புறம் தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள். டிரெய்லரில் எனக்குக் கேட்கிற மாதிரிப் பேசியவளும்தான். அந்த மரவீடு முழுக்க அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் என் கழுத்தில் தாலி ஏறியது.

அடுத்து அக்னியை வலம் வர வேண்டும். நெருப்போ சுவருக்குள் இருக்கிறது. எப்படிச் சுற்றுவது? ஐயர் யோசித்தார். மேனேஜரம்மா ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார்.

"சுவத்தையே சுத்தி வாங்க. ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. இந்தக் கதவு வழியா சாப்பாட்டு ரூமுக்குப் போய் அந்தக் கதவு வழியா வெளிய வந்துடலாம்."

சாப்பாட்டு அறையில் கூடத்துச் சாமான்களை எல்லாம் கொண்டுபோய் அடுக்கியிருந்ததால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். பின்னால் விளக்கு எடுத்து வர வேண்டிய நாத்தனாரோ அக்கரையில் நின்றுகொண்டிருந்தார். ஆக, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கதவைத் தாண்டியதும், அத்தனை கூட்டமும் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மேஜை நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் மட்டும். கல்யாணத்தன்று ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் அப்படித் தனியாக நிற்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம்.

அவர் முன்னால் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் மெதுவா நட. இது என் வேட்டி இல்ல. நழுவிக்கினே கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த கதவு வழியாகக் கூடத்துக்கு வந்தேன். எல்லோரும் பூப்போட்டார்கள். ஐயர் அடுத்த சுற்று என்றார்.

இரண்டாவது முறை உள்ளே போனதும் நான் கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "இன்னாத்துக்கு அந்தத் தண்ணில வந்தீங்க? வேற முகூர்த்தம் பாத்திருக்கலாமே."

அவர் நின்றுவிட்டார். "ஒனக்கு ஏற்கெனவே ஒரு தபா நின்னு போச்சின்னு சொன்னாங்க. இன்னொரு தபா நிக்க வேணாம்னுதான்."

அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். மீசையில் புகைபோக்கிக் கரி ஒட்டியிருந்தது. காதோரம் இன்னும் சேறு. பிடித்திருந்த விரலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். கண் கலங்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்த என்னைப் பார்த்து, புகைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது சுற்றில் அவர் பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். வேட்டியைப் பிடிக்க அவர் குனிய, முடிச்சுப் போட்டிருந்த என் முந்தானை இழுபட, இருவரும் ஒரு சோபாவில் மோதிக்கொண்டு நின்றோம். இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. "இன்னாப்பா, பொண்ணு மாப்ள ரெண்டு பேரயும் காணோம்?"

கூடமே சிரித்தது. வெளியே வந்தபோது மேனேஜரம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாப்பாடு அந்த வீட்டுச் சமையல்கட்டில்தான் தயாரானது. எனக்குச் சீராகக் கொடுத்த புதுப் பாத்திரங்களிலேயே சோறும் சாம்பாரும் வைத்தார்கள். வராண்டாவில் இலை போட்டபோது, கயிறு கட்டி டியூபை இழுத்து வந்த இருளர் ஆட்கள் படிக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்பக்கம் தனியாகப் போட்டுக்கலாம் என்று மாமா முணுமுணுத்தார். மேனேஜரம்மா காதில் விழுந்துவிட்டது.

"இது கெஸ்ட் ஹவுஸ். இங்க வர்றவங்க எல்லாருமே எனக்கு கெஸ்ட்டுதான். எல்லாருக்கும் ஒரே வரிசையில எல போடுங்க" என்றார்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் கணவர் இறங்கிப் போய், தன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கி விட்டவரின் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அப்பா தன் கையாலேயே இலை போட்டார். பேராசிரியர் அடுத்த இலையில் உட்கார்ந்து, சாம்பார் சோற்றை எங்களைப் பார்த்துப் பார்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.

பிற்பகலில் மழை விட்டது, தண்ணீரும் இறங்கியது. மாமியாரும் நாத்தனாரும் இடுப்பளவுத் தண்ணீரில் கைகோத்து நடந்து வந்து சேர்ந்தார்கள். மாமியார் வந்ததும் வராததுமாக, எந்தச் சுவரைச் சுற்றினார்கள் என்று கேட்டு, தானும் அந்த அறை வழியாக ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் தவிலைத் துணியில் பொத்திக் கொண்டுவந்து, விட்டுப்போன கெட்டிமேளத்தை வராண்டாவில் நின்று கொட்டித் தீர்த்தார்கள்.

சாயந்தரம் ரோடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வடிந்து, புறப்படும்போது நான் அந்த அம்மாளின் காலில் விழுந்தேன். அவர் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டார். "நெருப்பு அணைஞ்சுதான்னு இன்னொரு தபா பாத்துட்டு வரேன்" என்று சொல்லி அவசரமாக உள்ளே போய்விட்டார். நான் டிராக்டரில் ஏறும்வரை வெளியே வரவில்லை. டிராக்டர் கிளம்பியதும் மாடி ஜன்னலில் அந்த நீலக் கரை மட்டும் தெரிந்தது.

பெரிய பெண் பிறந்த பிறகு குழந்தையைக் காட்ட இருவரும் ஒருநாள் போனோம். வேறு யாரோ நிர்வாகத்தில் இருந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதாகவும், ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி வந்து செங்கல்பட்டுப் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார்கள். வேலை போனதற்குக் காரணம் எங்கள் ஹோமம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. கூடத்தில் பூஜாடி பழைய இடத்திலேயே இருந்தது. புதிதாக வந்தவருக்கு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

என்னை ராசியில்லாதவள் என்று சொன்ன ஊர், பிறகு அந்தக் கல்யாணத்தைக் கதை கதையாகச் சொல்லிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த மேனேஜரம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தன் சோற்றையே பணயம் வைத்து, இரண்டு வாளித் தண்ணீரோடு காவல் உட்கார்ந்த அவரை நினைக்கும்போதெல்லாம், என் வாசலில் மழைக்கு ஒதுங்குகிற யாரையும் வெளியிலேயே நிற்கவைக்க எனக்கு இன்றுவரை மனசு வருவதில்லை.